வெள்ளோட்டம்

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கிறோம். பட்டுப் புடவை எடுக்கப் போனால் கேட்கவே வேண்டாம், கடை வாசல் வரை கொண்டு வந்து, வெயிலில் பிரித்துப் பிடித்து, முந்தானையைத் திருப்பிப் பார்த்து, "இதே பச்சையில் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறதா?" என்று கடைப் பையனைப் பத்துத் தடவை ஏணி ஏறச் சொல்கிறோம். ஆனால் பதினைந்து, பதினாறு லட்சம் ரூபாயைக் கொட்டிக் கார் வாங்கும்போது மட்டும், ஷோரூம்காரர் அழைத்துப் போகும் வழவழப்பான சாலையில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, "பேஷ், பேஷ்!" என்று முன்பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதுவும் ஓட்டிப் பார்ப்பவர் வீட்டுக்காரர். அம்மாள் பின்னால் உட்கார்ந்து, குளிர்ச்சி நன்றாக வருகிறதென்று சர்டிபிகேட் கொடுப்பதோடு சரி.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது ஒரு தனி ரக வண்டியைப் பற்றி. ஊரெல்லாம் ஜீப்பைப் போல உயரமான கார்களாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த நாளிலும், 'எனக்குச் செடான்தான் வேண்டும். அதிலும் மிதித்தால் பாய வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கும் ஆண்பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். (பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.) இவர்கள் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். 2020-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி, 2022-ல் வந்த ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸும், 2023-ல் புது வடிவெடுத்த ஹுண்டாய் வெர்னா. நடுவில் சொன்ன இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் பிறந்தவை. எஞ்சின் ஒன்று, எலும்புக்கூடு ஒன்று, சட்டை மட்டும் வேறு. வெர்னாவோ நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்காரி.

நம் தாத்தாக்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அறுபதுகளில் அம்பாஸடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்து, கிடைத்த வண்டியைக் கிடைத்த நிறத்தில் வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வெள்ளோட்டமாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதாவது!

இப்போது நிலைமை தலைகீழ். ஜாதகமே பத்துப் பக்கம் இருக்கிறது. அந்த ஜாதகத்தில் வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது குதிரை சக்தி. வெர்னா டர்போவுக்கு 160, ஒன்றரை லிட்டர் ஸ்லாவியா, வெர்ட்டஸுக்கு 150, சிட்டிக்கு 121. 'ஆகவே வெர்னா முதலிடம்' என்று கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் உங்களுக்கும் எனக்கும் வேண்டிய எண் அதற்கடுத்த வரியில் இருக்கிறது. முறுக்கு விசை என்பார்கள். வண்டியை இழுக்கும் பலம். வெர்னாவில் 253 நியூட்டன் மீட்டர், சகோதரர்கள் இருவருக்கும் 250, சிட்டிக்கு 145. இதைவிட முக்கியம், அந்தப் பலம் எப்போது வருகிறது என்பது. டர்போ வண்டிகளில் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500, 1,600 சுற்று சுற்றும்போதே முழு பலமும் வந்துவிடுகிறது. சிட்டியில் 4,300 சுற்றுக்குப் போக வேண்டும். ஊருக்குள் ஓட்டும்போது நாம் 2,500-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே டர்போ என்பது வேகப் பைத்தியங்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து பேரும் பெட்டிகளுமாக மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்காமல் ஏறுவதும் அதனால்தான்.

டர்போ என்றால் வேறொன்றுமில்லை, கொல்லன் பட்டறைத் துருத்தியேதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊதுகிறது, நெருப்புப் பற்றிக்கொள்கிறது. துருத்தி வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். மிதித்ததும் ஒன்றும் நடக்காதது போலிருந்து, பிறகு முதுகில் யாரோ தள்ளினாற்போல் வண்டி பாய்வது அதனால்தான். அந்த ஒரு கணம் உங்களுக்குப் பழகுமா, பயமாக இருக்குமா என்பதை எந்த ஜாதகமும் சொல்லாது.

கியர் விஷயம் இன்னும் நுட்பமானது. வெர்னா டர்போவிலும் ஒன்றரை லிட்டர் சகோதரர்களிலும் தானாக மாறும் கியர் வேண்டுமென்றால் இரட்டைக் கிளட்ச் ஏழு கியர்ப் பெட்டி வரும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாதம் போட்டு நகருவதற்குள் அடுத்தவர் சாம்பார் வாளியோடு தயாராக நிற்கிறார் அல்லவா? அதே ஏற்பாடுதான். ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியருக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு; மாறுவது தெரியாது. ஆனால் பந்தி நகராமல் நின்றுவிட்டால் வாளி பிடித்த கை என்ன பாடுபடும்? அப்படித்தான், அங்குலம் அங்குலமாக ஊரும் நெரிசலில் இந்த ரகப் பெட்டிகள் சற்றுத் தயங்கும், லேசாக வெட்டும், சூடாகும். சிட்டியில் இருப்பது வேறு ஏற்பாடு. தையல் மெஷினில் பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவே பட்டை ஓடுகிறதே, அதில் சக்கரங்கள் இரண்டும் வேண்டியபடி பெருத்தும் சிறுத்தும் மாறிக்கொண்டால் எப்படி இருக்கும்? கியர் மாறும் அதிர்வே கிடையாது, நெரிசலில் வெண்ணெய். ஆனால் அவசரமாக மிதித்தால் முதலில் சத்தம் எழும், பிறகுதான் வேகம் எழும். ஸ்போர்ட்ஸ் பிரியர்களுக்கு இது ஆகாது.

எது உசத்தி என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவைப் பொறுத்தது அது.

நங்கநல்லூரில் இருக்கும் என் சிநேகிதி, பாங்கியில் அதிகாரியாக இருப்பவள், சமீபத்தில் இந்தப் பரீட்சையை நடத்தியபோது நானும் கூடப் போயிருந்தேன். மாதத் தவணையில் சரிபாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது. தினமும் ஓட்டப் போகிறவளும் அவள்தான். அவள் கணவருக்கு ஆபீசுக்கு மின்சார ரயில். இருந்தும் ஷோரூம் பையன் சாவியை நேராக அவரிடம் நீட்டினான். "மேடம் பின்னாலே உட்காருங்க, ஏஸி போடுறேன்" என்று உபசாரம் வேறு. சிநேகிதி கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "முதல்லே நான் ஓட்டறேன். சார் அப்புறம் ஓட்டுவார்" என்றாள். பையன் நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே சாவியை மாற்றிக் கொடுத்தான்.

வழியையும் அவளே சொன்னாள். ஷோரூம்காரரின் வழக்கமான சுற்று வேண்டாம். தன் வீட்டுச் சந்து, வேகத்தடைகள், அடுக்ககத்தின் அடித்தளத்துக்கு இறங்கும் செங்குத்துச் சரிவு, பிறகு கத்திப்பாரா மேம்பாலத்து வளைவு, கடைசியில் பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை. எல்லா வண்டிக்கும் இதே வழி, இதே காலை வேளை. கிளம்புமுன் நாலு டயரிலும் காற்று அளக்கச் சொன்னாள். இது எனக்குப் புதிதாக இருந்தது. காரணம் கேட்டபோது சொன்னாள்: "வெர்னா டர்போவிலேயும் வெர்ட்டஸிலேயும் ஒரே அளவு டயர்தான். ஒண்ணிலே காற்று கூடுதலாகவும் ஒண்ணிலே குறைவாகவும் இருந்தா, நான் வண்டியையா ஒப்பிடறேன், காற்றையா?" கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கிறது, அதன்படி வைத்த பிறகே கிளம்பினாள்.

இன்னொரு விஷயத்திலும் அவள் ஏமாறவில்லை. பெயர் ஒன்றாயிருக்கும், சட்டை ஒன்றாயிருக்கும், எஞ்சின் வேறாயிருக்கும். வெர்னாவிலேயே டர்போ இல்லாத 115 குதிரை சக்தி ரகம் உண்டு. வெர்ட்டஸிலும் ஸ்லாவியாவிலும் ஒரு லிட்டர் எஞ்சின் ரகம் உண்டு, அதுவும் 115. வெள்ளோட்டத்துக்கு ஒன்று கொடுத்து, விலைச் சீட்டில் இன்னொன்று எழுதுவது ஏமாற்று வித்தையாக இல்லாமல், வெறும் கவனக் குறைவாகவே நடக்கலாம். வாங்கப் போகும் அதே எஞ்சின், அதே கியர்ப் பெட்டி இருக்கும் வண்டி வரும்வரை அவள் காத்திருந்தாள்.

சரிவில்தான் முதல் பாடம் கிடைத்தது. பாதி ஏறும்போது மேலே யாரோ ஸ்கூட்டரில் குறுக்கே வர, நிறுத்த வேண்டியதாயிற்று. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஓரிரு விநாடி தானே பிடித்துக்கொள்ளும்; அதற்குள் மிதிக்க வேண்டும். இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் ஒன்று இங்கே ஒரு கணம் யோசித்தது. எந்த வண்டி என்பது வேண்டாம். சிநேகிதி மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி ஏறிப் பார்த்துப் பழகிக்கொண்டாள். அவள் கணவருக்கோ, 'இதையெல்லாம் பார்ப்பார்களா?' என்று பொறுமை போய்விட்டது.

அவர் நியாயமும் இருக்கிறது. கல்லூரி நாளிலிருந்தே தாழ்வாக, கெட்டியாக, சாலையைக் கவ்விக்கொண்டு ஓடும் வண்டி மேல் அவருக்கு ஆசை. தம்பி படிப்பு, தங்கை கல்யாணம் என்று பதினைந்து வருஷம் ஸ்கூட்டரிலேயே போய்விட்டது. இனிமேலும் 'வீட்டுக்குத் தகுந்த வண்டி' என்று ஒன்றை அவர் தலையில் கட்டினால் மனசு என்ன பாடுபடும்?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முழங்கால் வலிக்காரர். செடானில் ஆசனம் தாழ்வு. உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். முதல் வண்டியிலிருந்து இறங்கும்போது, "டேய், கையைக் குடுடா" என்றார். அடுத்த வண்டியில் கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். இந்த ஒரு சோதனைக்குப் பைசா செலவில்லை. தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் என்று ஜாதகத்தில் போட்டிருப்பதை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. வெர்ட்டஸுக்கும் ஸ்லாவியாவுக்கும் 179 மில்லிமீட்டர் என்பதெல்லாம் ஆள் ஏறாத வெறும் வண்டிக்கு. ஐந்து பேர் ஏறினால் வேகத்தடை வயிற்றில் உரசுமா என்பதை ஐந்து பேர் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

அதன்பிறகுதான் வேடிக்கை. "நீங்க ஒரு தரம் பின்னாலே உட்கார்ந்து பாருங்களேன்" என்றாள் சிநேகிதி. மனிதர் அதுவரை பின் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய ஆசை வண்டியில், தோண்டிப் போட்ட ஒரு தெரு வழியாக இருபது நிமிஷம் அவள் ஓட்ட, அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முன்னால் இருந்தவரைக்கும் 'கெட்டியான சஸ்பென்ஷன்' என்று புகழ்ந்துகொண்டிருந்தவர், இறங்கியதும் ஒன்றும் சொல்லாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சிட்டியே போதுமோ?" என்றார் மெதுவாக.

சிநேகிதிக்கு இப்போது அது சம்மதமில்லை! ரேடியல் சாலையில் ஒரு மண் லாரியைத் தாண்டும்போது அறுபதிலிருந்து எண்பதுக்குச் சட்டென்று போய் ஒதுங்கிக்கொண்டதே ஒரு டர்போ வண்டி, அப்போது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெண்ணின் முகம். "லாரி பக்கத்திலே ரொம்ப நேரம் ஓடறதுதான் எனக்குப் பயம். இது சீக்கிரம் தாண்டிடறது" என்று நியாயம் சொன்னாள். நியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அது மட்டுமா காரணம்?

பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளோபல் என்காப் என்ற ஸ்தாபனம் வண்டிகளை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறது. ஸ்லாவியா, வெர்ட்டஸ் இரண்டும் 2023 ஏப்ரலிலும், வெர்னா அதே வருஷம் அக்டோபரிலும், பெரியவர்கள், குழந்தைகள் இருவருக்குமே ஐந்து நட்சத்திரம் பெற்றன. குழந்தை உள்ள வீடுகளில் குழந்தை ஆசனத்தை வெள்ளோட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள்.

கடைசியில் பணம். விலைப் பலகையில் 16 லட்சம் என்றிருந்தால் 16 லட்சத்தில் வண்டி வீட்டுக்கு வராது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய ஆயுள் வரி, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். அதாவது 2 லட்சத்து 88 ஆயிரம். இன்ஷூரன்ஸ் தனி. ஆகவே தெருவுக்கு வந்து நிற்கும் விலை என்னவென்று எழுதி வாங்கிக்கொண்டு, நாலு வண்டிக்கும் அந்த விலையையே ஒப்பிட வேண்டும்.

சிநேகிதி வீட்டில் முன்பணம் கட்டியாயிற்று. டர்போ வண்டிதான்; ஆனால் அவர் முதலில் ஆசைப்பட்டது அல்ல, மாமியார் தானாக எழுந்து வந்தாரே, அது. பெயர் கேட்டு எழுதாதீர்கள். உங்கள் சந்து வேறு, உங்கள் மாமியார் முழங்கால் வேறு. டெலிவரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நிறத்தைப் பற்றித் தினம் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. மாமியார் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. பின் சீட்டில் இடது பக்கம் தன்னுடையது என்று இப்போதே சொல்லிவிட்டார்.