ஒளியை அறிந்து படம் பிடிப்போம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. கமராவைக் கையிலெடுத்த முதலாண்டில் நாமும் அவ்வாறே நடந்துகொண்டோம். படம் மங்கினால் கமரா பழையது என்றோம். முகம் கறுத்தால் வில்லை மலிவானது என்றோம். "சேர், எந்தக் கமரா வாங்கலாம்?" என்று எம்மிடம் வந்து கேட்கும் மாணவரும் பெற்றோரும் இன்று பலர். ஆதலின், நாம் பட்டறிந்த சிலவற்றை இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

2014 ஆம் ஆண்டிலே, சம்பள நிலுவை கைக்கு வந்தபோது, ஒருவர் பாவித்த டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமராவொன்றை வாங்கினோம். முதல் வேலையாக ஆச்சியைப் படம் பிடிக்க எண்ணினோம். அதற்குக் காரணம் உண்டு. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வின்போது அலுமாரியில் விட்டுவந்த அல்பம், நாம் திரும்பி வந்தபோது வீட்டில் இல்லை. ஆச்சியின் கலியாணப் படமும், அப்புவின் ஒரேயொரு படமும் அதனோடு போயின. ஆச்சிக்கோ அப்பொழுது வயது எண்பத்தாறு.

மாலையிலே அவர் சாமியறையில் விளக்கேற்றும் தறுவாயில் முப்பது படங்கள் எடுத்தோம். கமராவின் பின்புறத்துச் சிறு திரையில் எல்லாம் அழகாகவே தோன்றின. கணினியில் பெருப்பித்துப் பார்த்தபோது ஒன்றேனும் தெளிவாக இல்லை. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ரை முகம் இதில எங்கையடா?" என்றார். வகுப்பறையிலே ஒளியியல் கற்பிக்கும் எமக்கு விடை கூற இயலவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? கமராவைத் 'தானியங்கி' நிலையில் விட்டுவிட்டோம். அறையில் ஒளி குறைவாதலின், கமரா தன் ஷட்டரைச் செக்கனில் 8இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தது. அவ்வளவு நேரத்தில் எம் கையும் அசைந்தது. ஆச்சியின் தலையும் அசைந்தது. அசைவு முழுவதும் படத்திற் பதிந்துவிட்டது.

இக்கமராவின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது நன்று. வில்லையினூடாக வரும் ஒளியைச் சாய்வாக நிற்கும் தளவாடியொன்று மேலே தெறிக்கச் செய்ய, அது அரியத்தின் வழியாக நம் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியதும் தளவாடி மேலெழும், ஷட்டர் திறக்கும், அதே ஒளி பின்னாலுள்ள ஒளியுணரும் தகட்டில் விழும். கண் காண்பதையே தகடும் பெறுகின்றது என்பதே இதன் சிறப்பு.

அத்தகட்டில் விழும் ஒளியை ஆள்பவை இரண்டு: ஷட்டர் திறந்திருக்கும் நேரமும், வில்லையின் துவாரமும். அவ்வொளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவதென்பதை ஐ.எஸ்.ஓ. எண் தீர்மானிக்கும். இம்மூன்றையும் அறிந்தவர் கமராவை அறிந்தவராவர்.

ஷட்டருக்குப் பழைய விதியொன்று உண்டு. வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீற்றராயின், கையிற் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் நேரம் செக்கனில் 50இல் ஒரு பங்கினும் நீளலாகாது. 200 மில்லிமீற்றராயின், 200இல் ஒரு பங்கினும் நீளலாகாது. விலை குறைந்த கமராக்களிலே தகடு சிறிதாதலின், இன்னும் சற்று வேகமாக, 50 மில்லிமீற்றருக்கு 80இல் ஒரு பங்கு என வைப்பது பாதுகாப்பு. அசைவு தாங்கும் அமைப்புள்ள வில்லைகள் கையின் நடுக்கத்தைத் தாங்குமேயன்றி, ஓடும் குழந்தையை நிறுத்தமாட்டா. விளையாட்டுப் போட்டிக்கு 500இல் ஒரு பங்காவது வேண்டும்.

துவாரத்தின் எண் மாணாக்கரை மயக்குவது. எண் சிறிதாயின் துவாரம் பெரிது. குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறுவதே அவ்வெண். 50 மில்லிமீற்றர் வில்லையில் எண் 2 ஆயின் விட்டம் 25 மில்லிமீற்றர். எண் 4 ஆயின் 12.5 மில்லிமீற்றர். விட்டம் பாதியானால் பரப்பு காற்பங்காகும், ஒளியும் காற்பங்காகும்.

இக்கணக்கை எம் படத்திற்கு இட்டுப் பார்த்தோம். கமராவோடு வரும் 18-55 மில்லிமீற்றர் வில்லையை 55இல் வைத்து எடுத்திருந்தோம். அவ்விடத்தில் அதன் மிகப் பெரிய துவாரம் 5.6. அதற்குப் பதிலாக 1.8 எண்ணுள்ள 50 மில்லிமீற்றர் வில்லையை மாட்டியிருந்தால், ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி கிடைத்திருக்கும். செக்கனில் 8இல் ஒரு பங்கு, 80இல் ஒரு பங்காகியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். இவ்வில்லை பெரிதும் சிறிதுமாக்கும் வசதியற்றது. ஆயினும் விலை குறைந்த வில்லைகளுள் ஒன்று. ஆதலின், கமராவை மாற்றப் பணம் சேர்ப்பவர் முதலில் இவ்வில்லையை வாங்குக என்போம். ஒன்று மாத்திரம் நினைவிருக்கட்டும்: 1.8இல் அருகிருந்து எடுத்தால் கண் தெளியும், காது மங்கும். குடும்பத்தார் பலரை வரிசையாக நிறுத்தி எடுக்கும்போது 5.6 அல்லது 8இல் வையுங்கள்.

புதிய வில்லை வாங்க வழியில்லையா? ஐ.எஸ்.ஓ. எண்ணை 400இலிருந்து 1600க்கு உயர்த்தினால் ஷட்டர் நேரத்தை நான்கிலொன்றாகக் குறைக்கலாம். படத்திற் சிறு புள்ளிகள் தோன்றும், தோன்றட்டும். புள்ளி விழுந்த முகம் முகந்தான். அசைந்த முகம் முகமன்று. அதனினும் எளிய வழி, அமர்ந்திருப்பவரை யன்னலருகே அழைப்பது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கனன், நிக்கொன் ஆகிய பெரிய கம்பனிகள் 2020 ஆம் ஆண்டின் பின் இவ்வகையிற் புதிய மாதிரிகளை வெளியிடாது, தளவாடியில்லாக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. அதனாற் பாவித்தவை பல விற்பனைக்கு வருகின்றன. மாணவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆயினும் சோதித்தே வாங்கவேண்டும். ஒரு கடையிலே நாம் அவசரப்பட்டு வாங்கிய வில்லையினுள் பூஞ்சணம் சிலந்திவலைபோற் படர்ந்திருந்ததை வீட்டிற்கு வந்த பின்னரே கண்டோம். வில்லையின் ஒரு புறத்திருந்து கைத்தொலைபேசி விளக்கைப் பாய்ச்சி மறுபுறத்திலிருந்து நோக்கினால் அது தெரிந்துவிடும்.

நம் நாட்டின் ஈரக்காற்றுப் பூஞ்சணத்திற்கு உகந்தது. தோற்பையிற் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். மாதம் ஒரு முறையேனும் வெளியிலெடுத்துப் பாவியுங்கள். கடற்கரை மணற்காற்றில் நின்று வில்லையை மாற்றாதீர்கள்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இக்கமராவின் கண்ணறையினூடாகச் சூரியனை நோக்குவது பார்வையையே பறிக்கும். 2019 மார்கழி 26ஆம் திகதி யாழ்ப்பாணத்திலும் கங்கண சூரியகிரகணம் தெரிந்தபோது, கமராவைத் தூக்கிக்கொண்டு முற்றத்திற்கு ஓடிய பிள்ளைகளை நாம் தடுக்க நேர்ந்தது. வில்லையின் முன்னே அதற்குரிய சூரிய வடி இன்றி அம்முயற்சி வேண்டவே வேண்டாம்.

இனி, ஆச்சியின் படத்திற்கு வருவோம். இரு மாதங்களின் பின் ஒரு காலையிலே, யன்னலருகே கதிரையிட்டு அவரை அமர்த்தினோம். அதே கமரா, அதே வில்லை, ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 125இல் ஒரு பங்கு. பிள்ளைகள் ஏதோ சொல்ல ஆச்சி சிரித்தார், பொத்தானை அழுத்தினோம். நெற்றியில் திருநீறும், கன்னத்துச் சுருக்கமும், கண்ணோரத்து நீரும் அதிலே தெரிந்தன. ஆச்சி படத்தை நெடுநேரம் பார்த்தார். "இது நான்தான்" என்றார். அடுத்த பங்குனியில் அவர் காலமானார். அந்தியேட்டி மலரில் இடம்பெற்றது அப்படமே.

படம் பிடிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. நினைவட்டை ஒருநாட் பழுதாகும், கணினியும் அவ்வாறே. முக்கியமான படங்களை வேறு வேறு வீடுகளில் இரண்டு பிரதிகளாவது வைத்திருங்கள். சிறந்தவற்றைத் தாளிலும் அச்சிடுங்கள். ஆச்சியின் படம் இன்று எம் வீட்டிலும், கொழும்பில் தங்கை வீட்டிலும், கனடாவிற் சித்தப்பா வீட்டிலும் சுவரில் இருக்கின்றது. ஓர் அலுமாரியை நம்பி மீண்டும் ஏமாற நாம் விரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருப்பாராயின், நல்ல கமரா வரட்டும் என்று காத்திராதீர்கள். நாளைக் காலையிலேயே ஒரு கதிரையை யன்னலருகே இழுத்துப் போடுங்கள்.