முதல் மாதமே சங்கத்தில் சேருங்கோ

தோழர்களே, வேலை விசாவில் பிரித்தானியா வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிர் ஜக்கெட் பற்றித்தான். நான் சொல்லுறது வேறை. திறன்சார் தொழிலாளர் விசாவுக்கு 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் ஸ்பொன்சர் சான்றிதழின் கட்டணத்தை முதலாளி உங்களிடம் அறவிடக்கூடாது. ஊதியச் சீட்டை மாதாமாதம் கேட்டு வாங்குங்கோ. கடவுச்சீட்டை ஒருத்தரிட்டையும் குடுத்து வைக்காதேங்கோ.

வேலை போனால் உள்துறை அமைச்சு பொதுவாக 60 நாள்தான் தரும். அந்தப் பயத்தை வைத்துத்தான் "எங்கட ஆள்தானே" என்று சொல்லும் தமிழ் முதலாளியும் குறைந்த கூலிக்கு உழைப்பைச் சுரண்டுகிறார். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவருக்கும்தான்.

தொழிற்சங்கத்தில் சேர உங்கள் விசா தடையில்லை. முதலாளிக்குச் சொல்லவும் தேவையில்லை. பிரச்சினை வந்தபிறகு சேர்ந்தால் பல சங்கங்கள் அந்தப் பழைய வழக்கை எடுக்காது. அதனால், ஜக்கெட் வாங்கிற கிழமையே சந்தாவையும் கட்டுங்கோ.