யாருடைய தனித் தொகுதி?

‘இவரு ஏங்க திரும்பத் திரும்பச் சிதம்பரத்துலயே நிக்கிறாரு?’ தொல். திருமாவளவனைப் பற்றிய இந்தக் கேள்வியை மூன்று தரப்பிலிருந்து கேட்டுவிட்டேன். தேர்தல் பாதை திருடர் பாதை என்று இன்னமும் சுவரில் எழுதிக்கொண்டிருக்கும் தோழர்கள் ஒரு தரப்பு. ‘அவர் பொதுத் தலைவரா வளரணும், ஒரு சாதிக்குள்ளயே நின்னுடக் கூடாது’ என்று நமக்காகத் தூக்கத்தைத் தொலைத்த முற்போக்கு எழுத்தாளர்கள் இன்னொரு தரப்பு. மூன்றாவது ஊர். ஊர் கேட்கும்போது அதில் கேள்விக்குறி இருக்காது.

நான் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் உறுப்பினன் இல்லை. அக்கட்சியின் மேல் எனக்குள்ள விமர்சனத்தைக் கீழே எழுதுகிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பொய்யை முதலில் வெளியே இழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

1999, 2004, 2009, 2014, 2019, 2024. ஆறு மக்களவைத் தேர்தல், ஒரே தொகுதி. மூன்று தோல்வி, மூன்று வெற்றி. நடுவில் 2016 சட்டமன்றத் தேர்தலில், இதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் காட்டுமன்னார்கோயிலில், 87 வாக்கில் தோல்வி. எண்பத்தேழு! ஒரு தெருவின் வாக்குகூட இல்லை.

தேர்தலைப் புறக்கணித்து வந்த இயக்கம் 1999இல்தான் தேர்தலுக்குள் வந்தது. அரசு தடய அறிவியல் துறை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார் அவர். மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசோடு கூட்டணி, சைக்கிள் சின்னம். எங்கே நின்றார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல் நடந்தபோது சேரிக் குடிசைகள் எரிந்த தென்னார்க்காடு இது. நந்தனை நெருப்பில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே சேர்த்துக்கொண்ட தில்லையும் இதுவே. 1916இல் இங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும், தீண்டாமை பற்றி 1969இல் இந்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் இளையபெருமாளும் உழைத்த மண்ணும் இதுதான். அவ்வளவு உழைத்தும் ஊர்த் தெருவில் சேரி செருப்போடு நடப்பதற்கு 1999 வரை பல கிராமங்களில் வழியில்லை.

அந்தத் தேர்தலில் நான் மாணவன். ஒரு கிராமத்தில் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தேன், ஊர்ப் பெயர் இப்போது வேண்டாம். பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. சேரிச் சனம் ஓட்டுப் போட ஊர்த் தெரு முழுக்க நடந்து வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பத்து மணிக்கு மேல் சேரியிலிருந்து வரும் ஆள் நின்றுபோனது. நான் போய்க் கேட்டேன். ஒரு ஆயா சொன்னது: ‘ஓட்டு போட்டுட்டு வந்துர்லாம் தம்பி. நாளைக்கி களை எடுக்க எவன் காட்டுக்குப் போறது?’ இந்தக் கணக்கு எந்தத் தேர்தல் ஆய்வாளனின் அட்டவணையிலும் வராது. தொகுதியின் வேறு பல இடங்களில் பார்வையோடு நிற்கவில்லை. ஓட்டுப் போடப் போனவர்கள் தடுக்கப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. இத்தனைக்கும் நடுவில் இரண்டே கால் இலட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அப்படியும் ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார்.

யாரிடம் தோற்றார்? பாட்டாளி மக்கள் கட்சியின் இ. பொன்னுசாமியிடம். பொன்னுசாமி தலித். 2004இல் ஐக்கிய ஜனதா தளத்தின் அம்புச் சின்னத்தில் நின்று மறுபடியும் தோற்றதும் அதே பொன்னுசாமியிடம்தான். 2009இல் வென்றதும் அதே பொன்னுசாமியைத்தான். தனிப்பட அவர்மேல் எனக்கொரு வருத்தமும் கிடையாது. ஆனால் ‘தலித்துக்கு எதிரா தலித்துதானே ஜெயிச்சான், இதுல சாதி எங்க வந்துச்சி?’ என்று கேட்கிறார்களே, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏழு மக்களவைத் தனித் தொகுதிகள். ஒன்றில்கூடத் தலித் வாக்காளர்கள் பெரும்பான்மை இல்லை. தனித் தொகுதி என்ற பெயர், அது சேரியின் தொகுதி என்கிற மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் அங்கே வேட்பாளருக்குத்தான் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை ஊரிடமே இருக்கிறது. ஊர் எந்தத் தலித்தைச் சகித்துக்கொள்ளுமோ அந்தத் தலித் எம்.பி. ஆவார். சேரி எந்தத் தலித்தைத் தன் ஆளாக நினைக்கிறதோ அவர் வீட்டில் இருப்பார்.

இதை அம்பேத்கர் முன்கூட்டியே பார்த்தார். அதனால்தான் தலித்துகள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டார். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்து அதைப் பறித்தார். பூனா ஒப்பந்தத்தில் 148 இடம் என்று எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தார்கள், தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு சின்னப் பிடிமானம் மிச்சம் இருந்தது. முதலில் தலித் வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க முடியும். நம்முடைய அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லாமல் போனது. விளைவை அம்பேத்கரே முதல் ஆளாக அனுபவித்தார். 1952இல் வடக்கு பம்பாயில், காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கர் என்ற தலித் வேட்பாளரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டத்தை எழுதியவரை மக்களவைக்குள் விடாமல் நிறுத்தி வைத்த அதே இயந்திரம்தான் சிதம்பரத்திலும் ஓடுகிறது.

பா.ம.க.காரர் உடனே வருவார். ‘எங்க கட்சிக்குக் கெடச்ச முதல் மத்திய மந்திரி பதவியையே ஒரு தலித்துக்குத்தானே குடுத்தோம்?’ கொடுத்தீர்கள். 1998இல் இதே சிதம்பரத்தில் வென்ற தலித் எழில்மலை அமைச்சரானார். அடுத்த வருடம் அவர் இடத்தில் பொன்னுசாமி. எழில்மலையின் கதையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். 2001இல் அ.தி.மு.க. அவரைத் திருச்சி மக்களவை இடைத்தேர்தலில் நிறுத்தியது. திருச்சி பொதுத் தொகுதி, அங்கேயும் வென்றார். அப்படியென்றால் சாதி இந்து வாக்காளன் தலித்துக்கு ஓட்டே போடமாட்டான் என்பது சரியில்லை. போடுவான். மேலே இரட்டை இலை இருக்க வேண்டும், மாம்பழம் இருக்க வேண்டும். தலித் தன்னுடைய அமைப்போடு, தன்னுடைய கொடியோடு, ‘அடங்க மறு’ என்று சொல்லிக்கொண்டு வந்தால்தான் கை வராது. ஊரின் பகை தலித் உடம்பின் மேல் மட்டும் இல்லை, தலித்தின் கொடிக்கம்பத்தின் மேல் இருக்கிறது. நம் மாவட்டங்களில் கொடிக்கம்பத்துக்காக எத்தனை கலவரம் நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.

முற்போக்கு நண்பர்களுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பொதுத் தலைவராக வளரச் சொல்கிறீர்களே, அதற்கு என்ன விலை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். 2001இல் உதயசூரியன் சின்னத்தில் நின்று மங்களூரில் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். சூரியனில் வென்றதால் சட்டப்படி அவர் தி.மு.க. உறுப்பினர். தன் கட்சியின் பெயரைச் சபையில் சொல்ல முடியாத பதவி. 2004இல் அதை விட்டுவிட்டுத் தனிச் சின்னத்தோடு சிதம்பரத்துக்கே வந்தார். அந்தத் தோல்வியை அரசியல் முதிர்ச்சியின்மை என்று எழுதினவர்கள் உண்டு. எனக்கு அது அவருடைய ஆறு போட்டிகளில் ஆகப் பெரிய போட்டி. இரண்டரை இலட்சம் பேர் ஜெயிக்காது என்று தெரிந்தே அம்பில் குத்தினார்கள்.

2009 வெற்றியைப் பற்றி நம் ஆட்களே ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஊர் மனம் மாறிவிட்டதாம். 2004க்குப் பிறகு தமிழ்ப் பாதுகாப்பு இயக்க மேடையில் மருத்துவர் ராமதாசும் திருமாவளவனும் ஒன்றாக உட்கார்ந்ததால் ஊரும் சேரியும் ஒட்டிக்கொண்டதாம். 2009இல் தி.மு.க. நம் பக்கம் இருந்தது, பா.ம.க. அ.தி.மு.க. பக்கம் போனது. தொகுதி மறுசீரமைப்பில் எல்லையும் மாறியிருந்தது. 99 ஆயிரம் வித்தியாசம். கூட்டணிக் கணக்கு வேலை செய்தது, அவ்வளவுதான். ஒட்டியதாகச் சொன்ன 2011இல் இரண்டு கட்சியும் ஒரே கூட்டணியில் இருந்தன. சிறுத்தைகள் பத்துத் தொகுதியில் நின்றார்கள், ஒன்றுகூட வரவில்லை. 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்துத் தர்மபுரி நத்தம் காலனியை எரித்தார்கள். 2014இல் தி.மு.க. கூட்டணியிலேயே நின்றும், மோதிரச் சின்னத்தில் ஒரு இலட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோல்வி. ஐந்து வருடம் எம்.பி.யாக ஊருக்கும் சேர்த்துத்தான் வேலை பார்த்தார். அதற்கு ஊர் கொடுத்த ரசீது இது.

2019இல் பானை. நமக்கு அந்தச் சின்னத்தை விளக்க வேண்டியதில்லை. டீக்கடைத் தனிக் குவளையும், தொடாமல் தூக்கி ஊற்றிய தண்ணீரும், தொட்டதால் உடைத்துப் போட்ட பானையும் நம் வீட்டுக் கதைகள். ஏப்ரல் 18 அன்று, வாக்குப்பதிவு நாளில், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தெருவில் பானையைப் போட்டு உடைத்ததில் தகராறு முற்றியது, தலித் வீடுகள் நொறுக்கப்பட்டன. அவர் பிறந்த அங்கனூரும் அதே செந்துறைப் பக்கம்தான். வாக்கு எண்ணியபோது ஐந்து இலட்சம் வாக்கு வாங்கியும் 3,219 வித்தியாசத்தில்தான் தப்பினார். தி.மு.க. கூட்டணி மாநிலத்தையே அள்ளிக்கொண்டு போன தேர்தல் அது. மற்ற தொகுதிகளில் இலட்சக்கணக்கில் வந்த வித்தியாசம் சிதம்பரத்தில் மட்டும் ஏன் மூவாயிரமாகச் சுருங்கியது? கூட்டணித் தொண்டர்களின் கை பானையில் எத்தனை இடத்தில் நடுங்கியது? இதைக் கூட்டணித் தலைவர்கள் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. நாமும் நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. நாகரிகம் எப்போதும் நம் கணக்கிலேயே ஏறுகிறது.

2024இல் ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். விழுப்புரத்திலும் பானை வென்றது. 2025 தொடக்கத்தில் தேர்தல் ஆணையம் மாநிலக் கட்சியாக அங்கீகரித்தது. சைக்கிள், அம்பு, நட்சத்திரம், மோதிரம் என்று இரவல் வாங்கித் திரிந்த காலம் முடிய இருபத்தைந்து வருடம் பிடித்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் நாகப்பட்டினம், திருப்போரூர் என்ற இரண்டு பொதுத் தொகுதியிலும் பானை வென்றிருந்தது. தேர்தல் பாதை திருடர் பாதை என்கிற தோழர்கள் இதை வெறும் நாற்காலிக் கணக்காகப் பார்க்கிறார்கள். 1999இல் பத்து மணிக்கு மேல் வீட்டை விட்டு வராத சேரி, இன்று காலை ஏழு மணிக்கு வரிசையில் முதலில் நிற்கிறது. ஒருத்தன் தோற்றுத் தோற்று அதே இடத்தில் வந்து நின்றதால் வந்த பழக்கம் இது. தோழர்களே, இதை உங்கள் எந்தப் பிரசுரம் செய்தது?

இப்போது என் விமர்சனம். ஊர் வாக்கைக் கூட்டணி வழியாகத்தான் வாங்க முடியும் என்கிற நிலையில், கூட்டணித் தலைமைக்கு எதிராக எவ்வளவு தூரம் கத்த முடியும்? 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், தலித் இளைஞர்கள் மூவர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது காவல்துறை. சிறுத்தைகள் மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டார்கள், ஏற்கவில்லை என்றார்கள். ஆனால் கூட்டணியை விட்டு வெளியே வர முடியவில்லை. வெளியே வந்தால் சிதம்பரம் போகும். 1932இல் பறிபோனதற்கு இன்னும் நாம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைத் தனி மனிதரின் சமரசம் என்று திட்டுவது எளிது. சமரசத்தைக் கட்டாயமாக்கும் தேர்தல் முறையைத் திட்ட ஆள் இல்லை. அந்தக் கட்சியும் பூனா ஒப்பந்தத்தை நினைவு நாளில் பேசுகிற அளவுக்குத் தேர்தல் மேடையில் பேசுவதில்லை. பேச வேண்டும். தலித் வாக்காளர்களின் முதற்கட்டத் தேர்வு திரும்ப வேண்டும், வாங்கும் வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சார முறை வேண்டும் என்று ஊர் முகம் சுளித்தாலும் பேச வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இன்று வாக்குகளை இயந்திரம் இயந்திரமாக, அதாவது பூத் பூத்தாக எண்ணுகிறார்கள். எந்தப் பூத்தில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று படிவம் 20இல் அச்சடித்தே வருகிறது. சேரிக்கென்று தனிப் பூத் இருந்தால், எண்ணி முடித்த அன்றே சேரி யாருக்குப் போட்டது என்று ஊருக்குத் தெரியும். இரகசிய வாக்கு என்பது நமக்கு மட்டும் கிடையாது. பல பூத்களைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது, சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது, சட்டமாக வரவில்லை. உங்கள் தொகுதியின் படிவம் 20ஐ எடுங்கள். எந்தப் பூத் ஊருக்குள் இருக்கிறது, எது சேரிக்குள் இருக்கிறது, சேரியிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், யார் வீட்டுத் திண்ணையைத் தாண்ட வேண்டும் என்று நேரில் போய்ப் பாருங்கள். பார்த்ததைப் பூத் எண்ணோடு எழுதி நமக்கு அனுப்புங்கள்.