பொம்மைப் படகா?

லண்டன் கென்ஸிங்டன் தோட்டத்தில் உள்ள வட்டக் குளத்தைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. வயது வந்தவர்கள் கரையில் நின்று சின்னஞ்சிறு பாய்மரப் படகுகளை விடுவது அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கம் என்றேன். "வேலையற்றவர்களின் பொம்மை விளையாட்டு!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் நண்பர். நல்ல படிப்பாளி அவர்.

சிரித்துவிட்டு நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் ஓர் அகம்பாவம் ஒளிந்திருக்கிறது. சிறியதெல்லாம் பெரியதன் நகல். நகல் செய்ய மூளை வேண்டாம் என்ற அகம்பாவம்.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர்ப் படகு ஒன்றை அப்படியே 1 மீட்டராகச் சுருக்குங்கள். பாயின் பரப்பு நூற்றில் ஒரு பங்காகும். எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். காற்று சுருங்குமா? குளத்துக்கென்று யாரும் தனிக் காற்று வீசுவதில்லை. அதே காற்றில், படகைச் சாய்க்கும் பலம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, அதை நிமிர்த்தும் பலம் பதினாயிரத்தில் ஒரு பங்காகப் போய்விடுகிறது. சற்றே பலத்த காற்று அடித்தால் நகல் படகு குடை சாய வேண்டியதுதான்!

ஆகவே சிறு படகைச் செய்கிறவன் முதலிலிருந்தே யோசிக்க வேண்டும். படகின் அடியில் ஆழமாக இறங்கும் மெல்லிய தகடு, அதன் நுனியில் ஈயக் குண்டு என்பது அப்படி யோசித்துக் கண்ட வழி. 1988-இல் ஏற்பட்ட சர்வதேச 'ஒரு மீட்டர்' வகுப்பில் படகின் எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதில் 2.2 முதல் 2.5 கிலோ வரை அந்தத் தகடும் குண்டும்தான்.

"கையில் ரேடியோப் பெட்டி இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்பார்கள். 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ரேடியோவால் ஓட்டிக் காட்டிய படகில் மோட்டார் இருந்தது. இந்தப் படகுக்கோ காற்றுதான் மோட்டார். ரேடியோ சுக்கானைத் திருப்பும், பாயை இறுக்கும், தளர்த்தும், அவ்வளவே. படகின்மேல் படும் காற்று கரையில் நிற்பவன் கன்னத்தில் படாது. தண்ணீரின் சிற்றலைகளைப் பார்த்தே அவன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படகு அவனை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். அந்த நேரத்தில்தான் எதிரே இன்னொரு படகு வரும்! இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது பந்தய விதி. கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்யாவிட்டால் மோதல்தான்.

வெளியே நின்று சிரிப்பவரை விட்டுவிடலாம். உள்ளே இருந்துகொண்டு பேசுகிறவரோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. "எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகைக் கொடுத்துவிடுவோம். செலவு குறையும், ஓட்டுகிறவன் திறமை மட்டும் தெரியும்" என்கிறார் அவர். வாஸ்தவம். புதிதாக வருகிறவனுக்கும் பணமுடை உள்ளவனுக்கும் அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவே போதும் என்றால் நான் ஒப்ப மாட்டேன்.

'ஒரு மீட்டர்' வகுப்பில் பாய்களின் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. படகின் உடலில் கார்பன் இழை கூடாது. உடலின் வடிவமோ செய்கிறவன் கற்பனைக்கு விடப்பட்டிருக்கிறது. வெண்பாவும் அப்படித்தானே? தளை தட்டக் கூடாது, ஈற்றடி மூன்று சீராக வேண்டும். மற்றதெல்லாம் புலவன் பாடு. செலவு குறையும் என்பதற்காக எல்லோரும் ஒரே வெண்பாவை ஒப்பிக்கட்டும், குரலுக்கு மட்டும் பரிசு தருவோம் என்று யாராவது சொல்வார்களா? வீட்டு மேஜையில் மரச் சட்டங்களை ஒட்டிச் செய்த படகும் தொழிற்கூடத்திலிருந்து வந்த படகும் ஒரே கோட்டிலிருந்து புறப்படலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் கௌரவம்.

வாங்கியவன் தோற்றால் அடுத்ததை வாங்குவான். செய்தவன் தோற்றால், ஏன் தோற்றோம் என்று இரவெல்லாம் விழித்திருப்பான். அந்த 'ஏன்' இருக்கிற வரையில் அது பொம்மை அல்ல, ஐயா!