‘நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்’

கோடை விடுமுறையில் நாகர்கோவிலில் பொருட்காட்சி தொடங்கிவிட்டால் பூதப்பாண்டி, திட்டுவிளைப் பகுதி வீடுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கும்: “நீங்க போயிட்டு வாங்க மக்களே, நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்.” சொல்பவர் பெரும்பாலும் உம்மா, சில வீடுகளில் வாப்பா. நாமும் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வற்புறுத்திவிட்டு வண்டியில் ஏறிவிடுகிறோம். உண்மையைச் சொன்னால், அவர்கள் மறுத்ததில் நமக்கு ஓர் ஆறுதலும் உண்டு. வண்டியில் இடம் மிச்சம். மெதுவாக நடக்க வேண்டிய நேரமும் மிச்சம்.

பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை என்றதும் நம் நினைவுக்கு வருபவை மருந்து, மருத்துவமனை, மாதந்தோறும் வளைகுடாவிலிருந்து வரும் பணம் ஆகியவையே. இவை சிறியவை அல்ல. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்கூட, கவனிக்காத பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத்தர வழி செய்கிறது. ஆனால் எந்தத் தீர்ப்பாயமும் ஒரு மகனைப் பார்த்து, “உன் தந்தையைப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போ” என்று ஆணையிட முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விடுப்பில் வரும் பிள்ளைகள் மனைவி மக்களுடன் மாத்தூர் தொட்டிப்பாலமும் கன்னியாகுமரியும் பார்த்துத் திரும்புகிறார்கள். அந்த நாள்களிலும் பெற்றோர் வீட்டுக்குக் காவல்தான்.

பெற்றோரை நோக்கிச் சலிப்பின் மிகச் சிறிய சொல்லையும் உதிர்க்கக் கூடாது என்று அல்லாஹ் கட்டளையிடும் வசனத்தை (17:23) நாம் அனைவரும் அறிவோம். அதே வசனம் அவர்கள் முதுமை அடைவதைப் பற்றிப் பேசும்போது, ‘உன்னிடத்தில்’ என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்தே பேசுகிறது. ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும்தான் ‘உன்னிடத்தில்’ இருப்பதா? நாம் மகிழ்ந்திருக்கும் இடத்தில் அவர்களும் இருப்பது அதில் சேராதா? நமக்குச் சேரும் என்றே தோன்றுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பாட்டும் இரைச்சலும் நெரிசலும் நிறைந்த இடத்தில் வயதானவர்களுக்கு என்ன வேலை, திக்ரும் தஸ்பீஹுமாக வீட்டில் இருப்பதல்லவா அவர்களுக்கு அழகு என்று சிலர் கேட்பார்கள். மரணக்கிணற்றின் ஒலிபெருக்கிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பேணுதல் இளையவர்களுக்கும் சேர்த்துத்தான் விதிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுப் பெற்றோருக்கு மட்டும் பேணுதலை நினைவூட்டுவது என்ன நியாயம்? இறைத்தூதர் கடைத்தெருவில் நடமாடுகிறாரே என்று மக்காவின் மறுப்பாளர்கள் ஏளனம் செய்தார்கள். முன்பு அனுப்பப்பட்ட தூதர்களும் உணவு உண்டு, கடைத்தெருக்களில் நடமாடியவர்களே என்று குர்ஆன் (25:20) பதில் அளித்தது. நபி (ஸல்) அவர்கள் உக்காழ் போன்ற பெருஞ்சந்தைகளுக்குச் சென்று மக்களைச் சந்தித்ததை வரலாறு சொல்கிறது.

இதைவிட நம்மைக் கவர்ந்தது ஒரு பெருநாள் நிகழ்ச்சி. அபிசீனியர்கள் ஈட்டிகளோடு விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்தபடி, ஆயிஷா (ரலி) அவர்களே சலித்துப் போதும் என்று நினைக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அழைத்துச் சென்றவர் அவசரப்படுத்தவில்லை. பார்ப்பவரின் மனநிறைவே அங்கு நேரத்தை அளந்தது. வயதான பெற்றோரோடு வெளியே செல்பவர்களுக்கும் இதுவே வழி என்று நாம் கருதுகிறோம்.

எண்பதைக் கடந்த எங்கள் வாப்பாவைச் சென்ற விடுமுறையில் அழைத்துச் சென்றோம். புறப்படும்போதே அவருடைய சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாயை வைத்துவிட்டோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். பயணத் தொழுகைக்குரிய சலுகை இதில் இல்லை என்பதால் அஸர் தொழுத கையோடு கிளம்பினோம். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் டெல்லி அப்பளத்தின் பக்கம் ஓட, வாப்பா வேளாண்மை அரங்கின் முன்னால் நின்றுவிட்டார். தட்டில் இருந்த நெல்லைக் கையில் எடுத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்தார். அம்பை 16, திருப்பதிசாரம் ரகங்கள், கன்னிப்பூவுக்கு எது, கும்பப்பூவுக்கு எது என்று பேச்சு நீண்டது. அரங்கில் இருந்த இளைஞர் தம் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். பழையாற்றுத் தண்ணீருக்காக இரவெல்லாம் வரப்பில் காவல் இருந்த கதையை வாப்பா அந்த இளைஞரிடம்தான் சொன்னார்; நாங்கள் அதுவரை கேட்டதில்லை. ராட்டினத்துக்குச் சீட்டு எடுத்திருந்த பேரன் திரும்பி வந்து பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மணி முக்கால் ஆயிற்று. பிறகு ஒரு கடையில் உம்மாவுக்குத் தேங்காய் துருவி ஒன்றைப் பேரம் பேசி, தம் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்தார். பத்து ரூபாய்க்காக அத்தனை நேரமா என்று யாரும் குறுக்கிடவில்லை. நெடுநாளாக அவருக்கு வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் இருந்தது. அவர் வாங்குவதற்கு ஒரு வாய்ப்பு இருந்ததில்லை.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். திடல் முழுவதும் உட்கார ஓர் இருக்கை இல்லை. கழிப்பிடம் கடைசி மூலையில், அதுவும் படியேறிப் போகும்படி இருந்தது. 2021 கணிப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலத்தின் பொருட்காட்சித் திடல் இப்படியா இருப்பது?

மஃக்ரிபுக்கு ஒதுங்கிய பள்ளிவாசலிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. ஒளூச் செய்யும் இடம் ஈரத்தில் வழுக்கியது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழ இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அனுமதி அளித்த ஹதீஸை நாம் மிம்பரில் கேட்கிறோம். அந்தச் சலுகை பள்ளிவாசலில் ஒரு நாற்காலியாகவும் கைப்பிடியாகவும் வந்து சேர வேண்டாமா? உடன் வந்தது உம்மாவாக இருந்திருந்தால் தொழுவதற்கு இடமே கிடைத்திராது. கடைத்தெருப் பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் ஜமாஅத்தினர் பெண்களுக்கு ஒரு தனி அறை ஒதுக்குவது பற்றி இனியும் தள்ளிப்போடாமல் பேச வேண்டும்.

எல்லா முதியவர்களையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதல்ல நம் கருத்து. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் முதிய தந்தை அபூ குஹாஃபாவை நபியவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். உடல் இயலாதவர்களிடம் நாம்தான் போக வேண்டும். இயன்றவர்களை அழைத்துச் செல்வதானால் கூட்டம் குறைந்த வேலைநாள் மாலையைத் தேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளின் விளையாட்டுக்கென இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

“வர்றீங்களா?” என்று கேட்டால் வரும் பதில் நமக்கு முன்பே தெரியும். “எங்க போகணும்னு ஆசை?” என்று கேட்டுப் பார்த்தோம். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தோவாளைப் பூச்சந்தை என்றார். எத்தனையோ வருடம் அந்த வழியாகப் பேருந்தில் போயும் ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லையாம். விடியலில்தான் வியாபாரம் சூடாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை ஃபஜ்ரை வீட்டிலேயே தொழுதுவிட்டுக் கிளம்புகிறோம், இன்ஷா அல்லாஹ். அன்றைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக முடிவு.