கேட்டது மழை, வந்தது தண்ணீர்



திருச்சபையின் திருப்பலி நூலில் பல்வேறு தேவைகளுக்கான மன்றாட்டுகள் அடங்கிய பகுதி ஒன்று உண்டு. மழை வேண்டி ஒரு மன்றாட்டு அதில் இருக்கிறது. மழை நின்று வானம் தெளிய வேண்டி மற்றொரு மன்றாட்டும் அங்கேயே இருக்கிறது. ஒரே திருச்சபை, ஒரே தந்தையிடம், ஒன்றுக்கொன்று மாறான இரு வரங்களைக் கேட்கிறது. இதன் பொருளை ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட நாள்களில், மழை நிற்க வேண்டுமென்று செபமாலை ஏந்தினோம். நான்கு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கமும், பூண்டியும், சோழவரமும், செங்குன்றமும் வறண்டு கிடக்க, மழை வேண்டுமென்று அதே கைகளை விரித்தோம்.

அந்நாள்களில் பலரது உள்ளத்தில் எழுந்த கேள்வி இது: “சாமி, நாங்கள் கேட்பது கடவுளுக்குக் கேட்கிறதா? கேட்கிறதென்றால் ஏன் தரவில்லை?” நேர்மையான கேள்வி. இதைக் கேட்பவரை அதட்டி அடக்குவது முறையாகாது.

செபம் என்பது இறைவனின் மனத்தை நம் பக்கம் வளைக்கும் முயற்சி என்று நினைப்போர் நம்மில் பலர். இத்தனை நவநாள், இத்தனை மெழுகுதிரி என்று கணக்கிட்டு, வரம் கிடைக்காதபோது கடன் கொடுத்தவரைப்போல் வருந்துகிறோம். புனித தோமா அக்குவினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதற்குத் தெளிவு தந்தார். இறைவனின் திட்டத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை. செபத்தின் வழியாகத் தருவதென்று அவர் திருவுளம் கொண்டவற்றைப் பெற்றுக்கொள்ளவே செபிக்கிறோம் என்பது அவரது போதனை. உழவன் விதைப்பதால் இறைப் பராமரிப்புக்குக் குறைவு வந்துவிடுவதில்லை; அவன் விதைப்பதும் அப்பராமரிப்பில் அடங்கியதே. செபமும் அவ்வாறே.

கேட்டதை மறுத்து, கேட்டதன் உட்பொருளை இறைவன் தருவதும் உண்டு. புனித மோனிக்கம்மாள் தம் மகன் அகுஸ்தீன் கடல் கடந்து உரோமை நகருக்குப் போய்விடக் கூடாதென்று, கார்த்தேஜ் துறைமுகத்தருகே புனித சிப்பிரியானின் நினைவுக் கோயிலில் ஓர் இரவு முழுதும் கண்ணீர் சிந்தி மன்றாடினார். அன்றிரவே மகன் கப்பலேறிவிட்டான். அது 383-ம் ஆண்டு. ஆனால் அப்பயணமே அவனை மிலான் நகருக்கும், அங்கு ஆயராயிருந்த புனித அம்புரோசியாரிடமும் கொண்டு சேர்த்தது. 387-ம் ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். தாய் கேட்டது மகன் தம்மோடிருக்க வேண்டுமென்பது; அதற்கும் ஆழத்தில் அவர் விரும்பியது மகனின் மீட்பு. இறைவன் முன்னதை மறுத்துப் பின்னதைத் தந்தார்.

எல்லா மறுப்புக்கும் இவ்வாறு இனிய விளக்கம் கிடைத்துவிடுவதில்லை. தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு புனித சின்னப்பர் மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்க அருள் கிடைத்தது. 2015 வெள்ளத்தில் உயிர் நீத்தோரின் வீடுகளிலும் செபித்தவர்கள் இருந்தார்கள். நோயுற்ற பிள்ளைக்காகப் பல மாதம் மன்றாடியபின் வெறுங்கையோடு வீடு திரும்பிய பெற்றோர் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்களிடம் போய், “உங்களுக்கு விசுவாசம் போதவில்லை” என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. அவ்வாறு சொல்லத் துணியும்முன் ஒலிவத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டுமென்று ஆண்டவர் இயேசுவே மன்றாடினார்; அது அகலவில்லை. மறுக்கப்பட்ட செபமெல்லாம் விசுவாசக் குறைவென்றால், நாம் யாரைக் குற்றஞ்சாட்டுகிறோம்? தந்தை அன்று மகனுக்குத் தந்தது மூன்றாம் நாளின் உயிர்ப்பு. பிள்ளையைப் பறிகொடுத்தோர்க்கும் அந்த நம்பிக்கையே ஆறுதல்; அதுவரை அவர்களோடு சேர்ந்து அழுவது நம் கடமை.

இனி 2019-க்கு வருவோம். அவ்வாண்டு தமிழகமெங்கும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் நம் ஆலயங்களிலும் மழைக்கென வேண்டுதல்கள் நடந்தன. சூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீரைச் சுமந்து முதல் இரயில் புறப்பட்டது. 50 வாகன்கள், 25 இலட்சம் லிட்டர். அரக்கோணம், திருவள்ளூர் கடந்து, ஆவடி, அம்பத்தூர் வழியே அது வில்லிவாக்கம் சேர்ந்தது; அங்கிருந்து நீர் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போயிற்று. நாம் கேட்டது மழை; வந்தது தண்டவாளத்தின்மேல் தண்ணீர். அதுவும் உபரி நீரன்று. அந்த மாவட்டத்திலும் அப்போது தட்டுப்பாடு இருந்தது; நீரைக் கொண்டுபோவதற்கு எதிர்ப்பும் எழுந்தது. நமக்கு வந்த ஒவ்வொரு குடமும் மற்றொருவரின் பங்கிலிருந்து வந்தது.

இதை வரமென்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதே நம் எண்ணம். 2015-ல் வெள்ளத்தில் சிக்கியோர் வானத்தை நோக்கிக் கூவினர். வந்தது மீனவரின் படகு. இறைவன் விண்ணைத் திறந்தும் பதிலளிப்பார், மனிதரின் உள்ளத்தைத் திறந்தும் பதிலளிப்பார். இரண்டாவது வகையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு: பிறருடைய செபத்துக்கு நாமே பதிலாக அமையும்படி அழைக்கப்படுகிறோம்.

புனித யாகப்பரின் திருமுகம் இதற்குச் சான்று. எலியா இறைவாக்கினர் மன்றாட, வறண்ட வானம் மழை பொழிந்ததென்று நமக்கு நினைவூட்டுபவர் அவரே. உடையும் உணவுமின்றி நிற்கும் சகோதரனை வெறும் வாழ்த்துரையோடு அனுப்பிவிடுவதால் பயன் என்ன என்று கடிந்துரைப்பவரும் அவரே. ஒரே திருமுகத்தில் இரண்டும் இருக்கின்றன. ஆண்டவர் கற்பித்த செபத்திலும் ‘எனக்கு’ என்ற சொல்லே கிடையாது. ‘எங்களுக்கு’ என்றுதான் அன்றாட உணவைக் கேட்கிறோம். அச்சொல்லில் அடுத்த வீட்டாரின் தாகமும் அடங்கும்.

ஆகவே கேட்பதை நிறுத்தாதீர்கள். நள்ளிரவில் நண்பனின் கதவைத் தட்டியவனை ஆண்டவர் பாராட்டியே பேசினார். மழைக்காக முழந்தாளிடுங்கள், எழுந்ததும், 2003-ம் ஆண்டில் சட்டம் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புக் குழாய் வீட்டில் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏரியில் குப்பை கொட்டாதீர்கள். கிணற்றில் நீருள்ளவர் இல்லாதவருக்கு ஒரு குடம் கொடுக்கட்டும். நோயாளிக்காகச் செபமாலை சொல்பவர் ஒருமுறை அவர் வீட்டுக்கும் போய்வரட்டும். நம் செபம் கேட்கப்பட்டதா என்று அறிய வானத்தை மட்டும் பார்த்திராமல், நம் கைகளையும் சற்று பார்ப்போமாக.