ஆறாத புண்ணும் அதை மறைக்கும் நாணமும்

நூல் விலை, கரும்பு விலை, கடன் தவணை இவற்றைப் பற்றியே நாம் ஓயாமல் பேசுகிறோம். இம்மாதம் உடலைப் பற்றிச் சில சொற்கள் கூற அங்கத்தினர்கள் அனுமதிக்க வேண்டும். உழைக்கும் உடலன்றோ நம் சங்கத்தின் முதல் மூலதனம்!

சருமத்தில் வரும் புற்றுநோய்களுள் மெலனோமா என்பது நிறமளிக்கும் அணுக்களில் தோன்றுவது, கொடியது. மற்றவை பெரும்பாலும் மேல்தோலின் அணுக்களில் தோன்றுபவை, மெதுவாக வளர்பவை. தொடக்கத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர். வெள்ளையரிடையே இவற்றுக்கு வெயிலே பெருங்காரணம். நம் கருநிறம் ஓரளவு கவசமாக நிற்பதால், இந்நோய் நம்மிடையே குறைவு. ஆயினும் ஓயாத உராய்வு, தீப்புண் தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் ஆகிய வழிகளில் நமக்கும் வருகிறது.

1945-இல் பம்பாயில் டாக்டர் கானோல்கரும் டாக்டர் சூர்யாபாயும், வேட்டி இறுகும் இடுப்பில் தோன்றும் புற்றை விவரித்து எழுதினர். புடைவையும் பாவாடை நாடாவும் அழுத்தும் இடத்திலும் அது தோன்றுவதைப் பின்வந்த மருத்துவர்கள் கண்டனர். காஷ்மீரத்தில் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை உடலோடு அணைத்துக் குளிர் காய்வோர்க்கு வயிற்றிலும் தொடையிலும் இது வருகிறது. நெசவாளராகிய நாம் மறக்கலாகாத செய்தி மற்றொன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில், கதிர்களுக்கிட்ட கனிம எண்ணெய் தொழிலாளர் உடையில் ஊறி, விதைப்பையில் புற்றை உண்டாக்கியது. 1922-இலேயே மருத்துவர் எச்சரித்தும், எண்ணெயைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தது 1953-இல்தான்!

இவ்விடங்களெல்லாம் ஆடைக்குள் மறைந்தவை. நோயினும் பெரிய பகை நாணமே என்பது என் அபிப்பிராயம். இடுப்புப் புண்ணை வெளியே சொல்ல நம் பெண்கள் கூசுகின்றனர். வெல்லப் பாகு பட்ட பழைய தழும்பு வெடித்தால், எருக்கம்பாலும் சுண்ணாம்பும் தடவிக் காலங்கடத்துகிறோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவர ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குவோரும் உண்டு. சிறு கத்தியோடு தீர வேண்டியது இவ்வாறே பெரு நோயாகிறது.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், ஓரம் தடித்துக் குருதி கசியும் புண், மீண்டும் வெடித்த தழும்பு, முகத்தில் மெல்லப் பெருகும் கருமையான பளபளப்புக் கட்டி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்டுக. நாடாவைத் தளர்த்தி அகலமாகக் கட்டுக. கட்டுமிடத்தை அவ்வப்போது மாற்றுக. விசைத்தறி எண்ணெய் ஊறிய உடையைக் களையாமல் நாள் முழுதும் உடுத்தியிராதீர்.

“அருகிய நோய்க்கு இத்தனை ஆரவாரமா?” எனச் சிலர் கேட்கலாம். அருகியதாயினும், வந்தவன் குடும்பத்துக்கு அது முழு நோயே. மேலும், ஆறாத புண்ணைத் தேடுங்கால் நீரிழிவும் தொழுநோயும் வெளிப்படுமன்றோ?

கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கருணாபுரத்தார்க்கு அது தொலைவன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கிறது. குறைவது நம் முயற்சியே. ஆண்டுக்கு இருமுறை கூலிப் பட்டுவாடா நாளில், பெண்களைப் பார்க்கப் பெண் செவிலியரையும் அழைத்துச் சங்கம் பரிசோதனை நடத்தட்டும். மருத்துவமனை செல்வோர்க்கு அந்நாள் கூலியை முன்பணமாக அளிக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொணர வேண்டுகிறேன். இழை அறுந்தால் உடனே முடிகிறோம். உடலுக்கு மட்டும் ஏன் தாமதம்?